பீன்யாவில் சொல்லுக்கு ஒரு ரேக்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில், இரண்டாம் ஸ்டேஜில் ஏதாவது ஒரு பட்டறைக்குள் நுழைந்து, "மூணு வருஷத்துக்கு முன்னால செஞ்சுகொடுத்த பிராக்கெட்டோட ட்ரில் ஜிக் இருக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டோர் பொறுப்பில் இருப்பவர் ரிஜிஸ்டரைப் புரட்டுவார், ரேக்குக்குப் போவார், எண்ணெய் தடவிய ஜிக்கோடு திரும்பி வருவார். ஜிக்கின் மேல் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். அதற்குரிய ட்ராயிங்கில் எண்ணும் இருக்கும், எத்தனையாவது திருத்தம் என்ற குறிப்பும் இருக்கும். அதே பட்டறையில், "அந்த பிராக்கெட்டோட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்று கேட்டால் கதை வேறு. முதலாளி கைப்பேசியை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளத் தொடங்குவார். பேத்தியின் பிறந்தநாள், திருப்பதி, உடைந்த ஸ்பிண்டில், யாரோ அனுப்பிய காலை வணக்கம் எல்லாம் வரும். பிராக்கெட் மட்டும் வராது.

ஜிக்கும் போட்டோவும் ஒரே வகைப் பொருள்கள்தான் என்பது என் கட்சி. இரண்டையும் செய்யச் செலவு ஒரு முறை. பயன் பல முறை. அப்படியிருக்க, ஒன்றுக்கு ரேக் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. ஒரு சிறுதொழில் தன்னைப் பற்றி வெளியே சொல்லும் எல்லாவற்றையும், அதாவது கம்பெனி ப்ரொஃபைல், மெஷின் பட்டியல், போட்டோ, பொருள் விளக்கம், சான்றிதழ் நகல், அடிக்கடி வரும் கேள்விக்கான பதில் ஆகியவற்றை, இந்தக் கட்டுரையில் 'விளம்பரச் சரக்கு' என்று அழைக்கிறேன். அதை எப்படி அடுக்கினால் மறுபடி மறுபடி எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதற்கு இதுவரை என்னென்ன வழிகள் இருந்தன, அவற்றில் பீன்யா போன்ற இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே நோக்கம்.

விளம்பரமே தேவைப்படாத ஊர்

பீன்யாவுக்கு விளம்பரம் வராமல் போனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஹெச்.ஏ.எல். 1940இல் தொடங்கியது. ஜாலஹள்ளிப் பக்கம் ஹெச்.எம்.டி. 1953இலும் பி.இ.எல். 1954இலும் வந்தன. தும்கூர் சாலையில் மத்திய இயந்திரக் கருவிகள் நிறுவனம் 1962இல் வந்தது. இந்தப் பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்துகொடுத்துப் பிழைத்த துணைத்தொழில்களின் ஊராகத்தான் 1970களில் பீன்யா வளர்ந்தது. வாடிக்கையாளர் இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர். பர்ச்சேஸ் அதிகாரியின் மேசையில் உங்கள் வெண்டர் கோடு இருந்தால் ஆர்டர் வரும், இல்லாவிட்டால் வராது. இதில் பிரசுரத்துக்கு என்ன வேலை? சிவகாசியில் அடித்த மாதக் காலண்டரையும் ஆயுத பூஜைக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸையும் கொடுத்தால் வருஷ விளம்பரம் முடிந்தது.

பீன்யாவிடம் சொல்லக் கதை இல்லாமலும் இல்லை. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா இங்கேதான் உருவானது. 1972இல் யு.ஆர். ராவ் தலைமையிலான குழு இந்தப் பேட்டையின் தொழிற்கொட்டகைகளில் குடியேறி வேலையைத் தொடங்கியது. 1975 ஏப்ரல் 19 அன்று அது சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போனது. கூரைத் தகட்டுக்குக் கீழே கோள் செய்த ஊர் இது. வேறு நாட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அந்தத் தெருவின் டீக்கடைக்காரர்கூட அதைப் போர்டில் எழுதியிருப்பார். இங்கே பல பட்டறைக்காரர்களுக்கு அது செய்தியே இல்லை.

1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. பொதுத்துறை ஆலைகளின் ஆர்டர் மட்டும் போதாது என்று ஆனதும் வாகனம், மின்கருவி, மருத்துவக் கருவி, ஏற்றுமதி என்று புது வாசல்களைத் தட்ட வேண்டியிருந்தது. தட்டிய இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "ப்ரொஃபைல் அனுப்புங்க."

மெஷின் லிஸ்ட் என்னும் மூல நூல்

ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையின் உண்மையான விளம்பரம் மெஷின் லிஸ்ட்தான். வண்ணப் பிரசுரத்தில் தரம், நேர்மை, ஈடுபாடு என்று எழுதியதை எந்தப் பர்ச்சேஸ் இன்ஜினியரும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் நேராக மெஷின் லிஸ்டுக்குப் போகிறார். வி.எம்.சி.யின் டேபிள் எவ்வளவு நீளம் ஓடும், சி.என்.சி. லேத்தில் எத்தனை மில்லிமீட்டர் விட்டம் பிடிக்கும், அளந்து பார்க்க சி.எம்.எம். உண்டா, இல்லை வெளியே கொடுத்து அளக்கிறார்களா என்று பார்க்கிறார். மூன்று வரியில் அவருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது.

ஒரு கியர் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். அதிகபட்சம் 400 மி.மீ. விட்டம் வரை கியர் வெட்ட முடியும் என்பது அதன் அடிப்படைத் தகவல். இது எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரசுரம், இணையதளம், இந்தியாமார்ட் பக்கம், வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக், வாடிக்கையாளர்களுக்கு நிரப்பிக் கொடுத்த வெண்டர் படிவங்கள், கொட்டேஷனின் அடிக்குறிப்பு, கண்காட்சி பேனர், விசிட்டிங் கார்டின் பின்பக்கம். மொத்தம் எட்டு இடம். அடுத்த ஆண்டு பெரிய ஹாபிங் மெஷின் ஒன்று வருகிறது. இனி 600 மி.மீ. முடியும். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஸ்வீட் கொடுத்தாயிற்று. எட்டு இடங்களில் எத்தனை மாறும்? கொட்டேஷன் மாறும், ஏனென்றால் அது தினமும் கண்ணில் படுகிறது. மற்ற ஏழும் 400லேயே நிற்கும். 500 மி.மீ. கியர் தேவைப்படும் ஒருவர் பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டு, போன் செய்யாமலே அடுத்தவரிடம் போய்விடுவார். வராத போனை எந்த லெட்ஜரிலும் எழுத முடியாது என்பதால் இந்த நஷ்டம் யாருக்கும் தெரிவதில்லை.

அளவு மட்டும் மாறுவதில்லை, அரசாங்கமும் எண்களையும் பெயர்களையும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய பிரசுரங்களின் கடைசிப் பக்கத்தைத் தொல்லியல் ஆய்வுபோலத் தோண்டலாம். எஸ்.எஸ்.ஐ. பதிவு எண் இருந்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தையது. உத்யோக் ஆதார் எண் இருந்தால் 2015க்குப் பிந்தையது. உத்யம் எண் 2020 ஜூலை 1க்குப் பிறகு வந்தது. டின் எண் போட்டிருந்தால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் அச்சானது. பெங்களூர் பெங்களூரு ஆனதும் தும்கூர் துமகூரு ஆனதும் 2014 நவம்பர் 1 அன்று. ஒரே முகவரிக்கு இத்தனை அடுக்கு. இதில் எந்த அடுக்கு இப்போது வாடிக்கையாளர் கையில் இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது.

ஆகவே அடுக்குவது என்றால் கோப்புகளைக் கோப்புறையில் போடுவது என்று புரிந்துகொண்டால் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. பிரசுரம் என்பது அசெம்ப்ளி. '400 மி.மீ.' என்பது அதிலுள்ள ஒரு பாகம். பாகத்துக்கு எண் கொடுக்காமல் அசெம்ப்ளியை மட்டும் அலமாரியில் வைப்பதைத்தான் நாம் இதுவரை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அச்சகத்தில் இருந்த வழக்கம்

இந்த யோசனை புதிதல்ல. ஈய எழுத்துக் காலத்து அச்சகங்களில் இது தினசரி நடைமுறை. கோத்த எழுத்தை அச்சடித்து முடித்ததும் கலைத்துப் பெட்டியில் போடுவார்கள். ஆனால் மறுபடி வரும் என்று தெரிந்த மேட்டரைக் கலைக்காமல் நூலால் கட்டி அப்படியே வைப்பார்கள். அதற்கு ஸ்டாண்டிங் மேட்டர் என்று பெயர். லெட்டர் ஹெட்டின் முகவரி, ரசீதுப் புத்தகத்தின் தலைப்பு, பத்திரிகையின் சந்தா விவரம் எல்லாம் இப்படி நின்றவைதான். படங்களுக்குப் பிளாக். துத்தநாகத் தகட்டில் செதுக்கி மரக்கட்டையில் அறைந்த அந்த பிளாக்கை விளம்பரக்காரர் ஒரு தடவை செய்துவிட்டால் எல்லாப் பத்திரிகைக்கும் அதையே அனுப்புவார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் ஒரே பிள்ளையார் பிளாக் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்துவைத்திருக்கும்.

பிரெஞ்சு அச்சகங்களில் இப்படி வார்த்து வைத்த தகட்டுக்கு கிளிஷே என்று பெயர். அந்தச் சொல்தான் பின்னர் தேய்ந்துபோன சொற்றொடரைக் குறிக்க வந்தது. மறுபயன்பாட்டில் உள்ள ஆபத்தும் அதே சொல்லுக்குள் இருக்கிறது. எதை வார்த்து வைக்கலாம், எதை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோக்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஃபோர்மேனுக்குத் தெரிந்திருந்தது. முகவரி நிற்கும்; தலையங்கம் நிற்காது.

டி.டி.பி. வந்ததும் இந்த ஒழுக்கம் போயிற்று. கணினியில் எல்லாமே நிற்கும் மேட்டர்தானே என்று தோன்றியது. உண்மையில் எதுவுமே நிற்கவில்லை. கோரல்டிராவில் செய்த பிரசுரத்தை அச்சுக்கு அனுப்பும்போது, எழுத்துரு மாறிவிடக் கூடாது என்பதற்காக எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு அது படம். அதிலிருந்து ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது. ஒரிஜினல் கோப்பு ராஜாஜிநகரிலோ சிக்பேட்டையிலோ உள்ள டிசைனரின் கணினியில் இருக்கும். அவர் கணினியை மாற்றினால் உங்கள் கம்பெனியின் வரலாறும் போயிற்று. தமிழிலோ கன்னடத்திலோ அடித்தது இன்னும் மோசம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டியதை இன்று எடுத்து ஒட்டினால் கிரந்தமும் இல்லை, கிரேக்கமும் இல்லை, ஏதோ ஒன்று வருகிறது. கர்நாடகத்தில் பெயர்ப்பலகையின் 60 சதவீதம் கன்னடத்தில் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டத் திருத்தம் வந்தபோது, கம்பெனிப் பெயரையும் தொழில் விவரத்தையும் சரியான கன்னடத்தில் யூனிகோடில் வைத்திருந்தவர்களுக்கு அது அரைமணி நேர வேலையாக இருந்திருக்கும். மற்றவர்களுக்குத் தேடல் படலம்.

சீர்காழிக்காரர் பார்த்த பொம்மை

இந்த அடுக்கும் பிரச்சினையை ஆழமாக யோசித்தவர் ஒருவர் இதே பெங்களூரில் வாழ்ந்து 1972இல் மறைந்தார். அவர் பெயரை விற்பனைத் துறையில் யாரும் சொல்வதில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். துளை போட்ட தகட்டுப் பட்டைகள், நட்டு, போல்ட். அதே துண்டுகளை வைத்துப் பாலமும் கட்டலாம், கிரேனும் கட்டலாம். நூல்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி கோத்துக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை. துளை போட்ட தகடு பீன்யாவில் டன் கணக்கில் கிடைக்கிறது; அதைப் பார்த்து நமக்கு எதுவும் தோன்றவில்லை.

அதுவரை இருந்த பகுப்பு முறைகள் மரம்போல இருந்தன. வேர், கிளை, சிறுகிளை. ஒரு நூலுக்கு ஒரே இடம். இன்று நாம் கணினியில் கோப்புறைக்குள் கோப்புறை போடுவதும் அதே மரம்தான். கிரைண்டிங் செய்த ஷாஃப்டின் போட்டோவை 'ஷாஃப்ட்' கோப்புறையில் போடுவதா, 'கிரைண்டிங்'கில் போடுவதா, '2024 கண்காட்சி'யில் போடுவதா? மூன்றிலும் போட்டால் மூன்று நகல். ஒன்றில் போட்டால் மற்ற இரண்டு வழியிலும் தேடுபவருக்குக் கிடைக்காது. ரங்கநாதன் ஒரு பொருளுக்கு ஐந்து முகங்கள் பார்த்தார்: ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம். நூலகப் பள்ளி மாணவர்கள் இதை மனப்பாடம் செய்யத் திணறுவார்கள். பட்டறைக்காரருக்கு விளக்கமே தேவையில்லை. எந்தப் பாகம், எந்த மெட்டீரியல், எந்த ஆபரேஷன், எங்கே போனது, எப்போது செய்தது. ஜாப் கார்டின் தலைப்பு வரிசையே அதுதான்.

எனவே போட்டோவின் பெயரிலேயே ஐந்தையும் எழுதிவிடலாம்: 'ஷாஃப்ட்-இஎன்24-கிரைண்டிங்-பம்ப்-2025-03'. கோப்புறை ஒன்றே போதும். கணினியின் தேடல் பெட்டியில் 'இஎன்24' என்று தட்டினால் அந்த எஃகில் செய்ததெல்லாம் வரிசையாக வரும். 'பம்ப்' என்று தட்டினால் பம்புக்காரருக்குக் காட்ட வேண்டியதெல்லாம் வரும். கோலன் முறை உலக நூலகங்களை வென்றுவிடவில்லை. இந்தியாவிலேயே பல நூலகங்கள் டியூவியின் தசமப் பகுப்பு முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் முகம் முகமாகப் பிரிக்கும் யோசனை பிழைத்துக்கொண்டது. இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று பக்கவாட்டில் டிக் செய்து சலித்தெடுக்கிறோமே, அதன் தாத்தா அவர்தான். 1962இல் பெங்களூரில் அவர் தொடங்கிய ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பகுதியாக இன்றும் நடக்கிறது. பீன்யாவுக்கும் அதற்கும் ஒரு மணி நேரத் தூரம். ஆனால் போக்குவரத்து கிடையாது.

நடப்பில் உள்ள வழிகள்

இன்று சிறுதொழில்கள் கையாளும் வழிகளில் முதலாவது, எல்லாமே வாட்ஸ்அப். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அடுக்குவதற்கு நல்ல இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று கேட்டலாக். மற்றொன்று, ஒரு சாய்கோடும் ஒரு குறுஞ்சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்து விழும் குயிக் ரிப்ளை. 'மினிமம் எவ்வளவு பீஸ் எடுப்பீங்க?', 'மெட்டீரியல் நீங்க போடுவீங்களா, நாங்க தரணுமா?', 'சாம்பிள் எத்தனை நாள்ல கிடைக்கும்?' என்று தினமும் வரும் கேள்விகள் ஒரு டஜனைத் தாண்டாது. அவற்றுக்கு நிதானமாக ஒரு தடவை பதில் எழுதி வைத்தால் அதுவே அருமையான விளம்பரச் சரக்கு. வாட்ஸ்அப்பின் குறை சேமிப்பில் இருக்கிறது. வழக்கமான தரத்தில் அனுப்பும் போட்டோ நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று வைத்தால், அந்தப் படம் ஐந்தரை அங்குலத்தைக்கூடத் தொடாது. ஏ4 பக்கம் முழுக்க வேண்டுமானால் 2480க்கு 3508 பிக்சல் தேவை. பேனருக்கு வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்துவிட்டு, அச்சகக்காரர் மங்கலாக அடித்துவிட்டார் என்று சண்டை போடுவது நியாயமில்லை.

இரண்டாவது வழி, ஏஜென்சியிடம் விட்டுவிடுவது. மூன்றாவது, கூகுள் டிரைவில் கோப்புறைகள். தொடங்கும்போது ஒழுங்காக இருக்கும், ஆறு மாதத்தில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் கரெக்ட்' என்று குட்டி போட்டிருக்கும். நான்காவது, பெரிய நிறுவனங்கள் வாங்கும் சொத்து மேலாண்மை மென்பொருள்கள். முந்நூறு படம் உள்ள பட்டறைக்கு அது தேவையில்லை. ஈ அடிக்க ஹாமர் மெஷின் வாங்குவதுபோல.

ஐந்தாவது கவனிக்கத்தக்கது. இயந்திரக் கையேடு எழுதுபவர்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தவர்கள். ஒரே பாதுகாப்பு எச்சரிக்கை நாற்பது கையேட்டில் வருகிறது. ஒன்றில் மாற்றினால் நாற்பதிலும் மாற வேண்டும். இதற்காக ஐ.பி.எம். உருவாக்கிய டிட்டா என்னும் முறை 2005இல் ஓயாசிஸ் அமைப்பின் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. பக்கத்தை எழுதாதே, துண்டை எழுது. துண்டு ஒரே இடத்தில் இருக்கட்டும், பக்கங்கள் அதை அழைத்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். அந்த மென்பொருள் பீன்யாவுக்கு வேண்டாம். சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் எக்செல் தாளில் செய்துவிடலாம்.

அந்தத் தாளில் வரிக்கு ஒரு தகவல். தகவல் எண், தகவல், எந்தத் தேதியில் யார் சரிபார்த்தது, எப்போது காலாவதி, எங்கெங்கே பயன்பட்டிருக்கிறது. கடைசிப் பத்திதான் உயிர். '400' மாறினால் அந்த எட்டு இடங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கும். கம்பெனி பற்றிய அறிமுகத்தை 25 சொல்லில் ஒன்று, 75 சொல்லில் ஒன்று, 200 சொல்லில் ஒன்று என்று மூன்று நீளத்தில் எழுதி அதே கோப்பில் வைத்துவிட்டால், கண்காட்சிக் கையேட்டுக்கு எழுபத்தைந்து சொல் கேட்கும்போது நள்ளிரவில் உட்கார்ந்து வெட்ட வேண்டியதில்லை. சான்றிதழ்களுக்குக் காலாவதிப் பத்தி கட்டாயம். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான். காலாவதியான சான்றிதழின் படம் இணையதளத்தில் சட்டம் போட்டுத் தொங்குவது வெட்கக்கேடு. அந்தச் சான்றிதழ் நிர்வாக முறைக்குத்தான், பொருளுக்கு அல்ல. பொருளின் பெட்டியில் 'ஐஎஸ்ஓ சான்று பெற்றது' என்று அடிப்பது தவறு என்பதையும் அதே வரியில் குறித்துவைக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. பீன்யாவில் எத்தனையோ பட்டறைகள் ஐஎஸ்ஓ 9001:2015 வாங்கியிருக்கின்றன. அந்தத் தரத்தின் 7.5ஆம் பிரிவு ஆவணக் கட்டுப்பாடு பற்றியதுதான்: ஆவணத்துக்கு அடையாளம் வேண்டும், யாராவது சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும், பழைய பிரதி தவறிப் புழக்கத்துக்கு வரக் கூடாது. ஆடிட்டர் வரும் நாளில் ட்ராயிங்கும் ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷனும் மாஸ்டர் லிஸ்டில் பளிச்சென்று இருக்கும். வாடிக்கையாளர் முதலில் பார்க்கும் ஆவணமான ப்ரொஃபைல் மட்டும் அந்த லிஸ்டில் இருக்காது. புது முறை எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே காசு கட்டி வாங்கிய முறைக்குள் இதையும் சேர்த்தால் போதும்.

யாருடைய சரக்கு?

அடுக்குவதற்கு முன் அது உங்களுடையதுதானா என்று பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதும் முதலாளிக்கு. ஆனால் வெளியாள் எழுதிய வாசகத்துக்கு இந்தச் சலுகை கிடையாது; எழுதியவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்துவிட்டோம், ஆகவே நம்முடையது என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு வாங்க வேண்டும். வாங்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவு அதை ஐந்தாண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்பவர் இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படிக்கலாம். டிசைனரிடம் வேலை கொடுக்கும்போதே திருத்தக்கூடிய ஒரிஜினல் கோப்பு, எழுத்துருவின் பெயர், உரிமைக் கடிதம் மூன்றையும் பில்லோடு சேர்த்துக் கேளுங்கள். பில் பாஸ் ஆன பிறகு கேட்டால் மரியாதை குறைந்துதான் கிடைக்கும்.

ஜாப் ஒர்க்கில் இன்னொரு சங்கடம். நீங்கள் செய்த பாகம் உங்கள் கைத்திறன்தான், ஆனால் ட்ராயிங் வாடிக்கையாளருடையது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பாகத்தின் படத்தைப் போட முடியாது. பாதுகாப்புத் துறை வேலையென்றால் கேட்கவே வேண்டாம். வாடிக்கையாளரின் லோகோவை அனுமதியில்லாமல் 'எங்கள் வாடிக்கையாளர்கள்' பக்கத்தில் ஒட்டுவதும் இந்த வகை. வழி இருக்கிறது. உங்கள் திறமையைக் காட்டுவதற்கென்றே ஒரு மாதிரிப் பாகத்தை நீங்களே வடிவமைத்து வெட்டுங்கள். மெல்லிய சுவர், ஆழத் துளை, நெருக்கமான டாலரன்ஸ் எல்லாம் அதில் இருக்கட்டும். கண்காட்சியில் மெஷின் விற்பவர்கள் செய்வது இதைத்தான். ஒவ்வொரு போட்டோவின் பெயரிலும் 'பொது', 'அனுமதி', 'உள்' என்று ஆறாவது முகம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் ரங்கநாதன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போட்டோவில் தொழிலாளி இருந்தால் அவர் சம்மதம் வேண்டும் என்பது ஒருபுறம். அவர் செருப்புக் காலோடு, கண்ணாடி போடாமல் கிரைண்டர் முன் நின்றால் அந்தப் படம் வெளிநாட்டு வாடிக்கையாளர் கண்ணில் உங்களுக்கு எதிரான சாட்சி. அழகான படம் என்பதற்காக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். படத்தைத் தூக்கி எறியுங்கள்; தொழிலாளிக்குக் கண்ணாடியும் ஷூவும் வாங்கிக் கொடுங்கள்.

யார் செய்வது?

பதினைந்து பேர் உள்ள பட்டறையில் விற்பனைப் பிரிவு கிடையாது. பில் போடுவதும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் விவரம் திரட்டுவதும் கூரியர் அனுப்புவதும் ஒரே ஆள். இந்தச் சரக்கு அறையும் அவர் தலையில்தான் விழும். எனவே வாரம் அரைமணி நேரத்தில் முடியாத எந்த முறையும் மூன்றாவது மாதம் செத்துவிடும். என் அனுபவத்தில் நிலைக்கும் முறைகள் எல்லாம் வேறொரு வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதே, பாகத்தை வெள்ளைத் தாளில் வைத்து இரண்டு போட்டோ எடுத்துப் பெயரிட்டுப் போட்டுவிட வேண்டும். புது மெஷினுக்கு அசெட் எண் கொடுக்கும் அன்றே தகவல் தாளில் வரி மாற வேண்டும். தனியாக 'கன்டென்ட் நாள்' என்று வைத்தால் அன்று யாராவது லீவு போடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறதே, இதெல்லாம் எதற்கு என்று இளைய தலைமுறை கேட்கிறது. எழுதித் தரும். எட்டு இடத்துக்கும் எட்டு விதமாக, இலக்கணப் பிழையில்லாமல் எழுதித் தரும். கொடுத்த தகவல் 400 என்றால் எட்டிலும் 400 என்றே அழகாக எழுதும். எதுவும் கொடுக்காவிட்டால் தானாகவே ஓர் எண்ணைப் போட்டுவிடவும் கூடும். இந்தக் கருவிகள் வந்த பிறகு தகவல் தாளின் மதிப்பு கூடியிருக்கிறது என்பதே என் கணிப்பு.

மறுபயன்பாட்டுக்கு வராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாடிக்கையாளர் ட்ராயிங் அனுப்பி, "இந்த ரேடியஸ் வருமா?" என்று கேட்கும்போது வார்த்து வைத்த பதிலை அனுப்பக் கூடாது. அவருக்குத் தேவை உங்கள் மெஷின் ஷாப் ஃபோர்மேனின் மூளை. அங்கே குயிக் ரிப்ளை போட்டால் ஆர்டர் போனதோடு பேரும் போகும். நிற்கும் மேட்டரைச் சரியாக அடுக்கி வைப்பதே இப்படிப்பட்ட பதிலுக்கு நேரம் கிடைக்கத்தான்.

2024 நவம்பரிலிருந்து பச்சை வழித்தட மெட்ரோ மாதாவர வரை ஓடுகிறது. இயந்திரக் கருவிகளுக்கான இம்டெக்ஸ் கண்காட்சி நடக்கும் சர்வதேசக் கண்காட்சி மையம் அங்கேதான். பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷனில் ஏறினால் ஆறாவது நிறுத்தம். முன்பு லாரி நெரிசலைச் சாக்குச் சொல்லி வராமல் இருந்த வாங்குபவர், இப்போது கண்காட்சி முடிந்த மாலையிலேயே உங்கள் வாசலில் வந்து நிற்கலாம். கையில் உங்கள் மெஷின் லிஸ்ட் இருக்கும். அதற்கு முன் ஒருநாள், ஷிஃப்ட் முடிந்த பிறகு, அந்த லிஸ்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பட்டறையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தாளில் உள்ள ஒவ்வொரு மெஷினும் தரையில் நிற்கிறதா, தரையில் நிற்கும் ஒவ்வொன்றும் தாளில் இருக்கிறதா என்று டிக் செய்யுங்கள். அடியில் தேதி போட்டு, ரெவ். 1 என்று எழுதுங்கள்.